புகையில்லாத கரி

நாகலெட்சுமி வாந்தி எடுத்ததையும், அதை ராக்காயி பார்த்துவிட்டதையும் சொல்லிவிட்டுத்தான் போன வாரம் வாயை மூடினோம். சாக்கடைக் கானோரத்தில் குனிந்து நின்ற பிள்ளையை வேறு யாராவது பார்த்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருப்பார்கள். ராக்காயி பெற்ற அப்பனுக்குக் கூடப்பிறந்தவள், சொந்த அத்தை. தலையில் இருந்த விறகுக் கட்டை இறக்காமலே பார்த்தாள். இறக்காமலே போய்விட்டாள்.

ஹட்டனில் போட்ட தபால் இந்தத் தோட்டத்துக்கு ஏறி வருவதற்குள் எழுதினவன் செத்துப் பிழைத்துவிடுவான். வாந்திக்கு அந்தச் சிரமம் இல்லை. விடிவதற்குள் எல்லா லயத்து வரிசை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வந்து சேர்ந்த வேளையும் பாருங்கள். அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை எஸ்.எஸ்.ஸி. பரீட்சை. அந்த லயங்களில் இருந்து அந்தப் பரீட்சைக்குப் போகிற முதல் பெண் இவள். தேறினால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆகலாம். தவறினால் தோட்டக் கூலியாகப் பேர் பதிந்து, தலையில் கயிற்றைப் போட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் மலைக்கு ஏற வேண்டியதுதான். நடுவில் வேறு வழி கிடையாது.

பரீட்சைக்காரியை அந்த வீடு தாங்கின தாங்கலை என்னவென்று சொல்வது! இருப்பதே ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதை மகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அப்பன் செல்லசாமியும் ஆத்தா காளியாயியும் முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையில் சமைத்து, அங்கேயே சுருண்டு படுத்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதிலிருந்து பிள்ளையைப் பீலிக்குத் தண்ணீர் எடுக்க விடவில்லை. நாலு பேர் கண் பட்டுவிடுமாம். தலை சீவ நேரமில்லை. வயிறு நிறையச் சோறு போட்டால் கண் சொக்கும் என்று வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கப் பாலில்லாத சாயத்தண்ணிதான். பள்ளிக்கூடத்து வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காத இராமையா ஒருநாள் வந்து, "குளிக்க விடாதீங்க, படிச்சது கரைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதையும் கேட்டார்கள்.

கடைசியாக வந்ததுதான் கரிச்சட்டி.

மார்கழிக் குளிர். துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது. பிள்ளையின் விரல் விறைத்துப் பேனா நழுவுகிறது என்று காளியாயி முதலில் விறகுத் தணலை அள்ளி ஓர் ஓட்டைச் சட்டியில் போட்டு வைத்தாள். புகை கண்ணைக் கரித்தது, இருமல் வந்தது, கதவைத் திறந்து போட வேண்டியதாயிற்று. செல்லசாமி தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அவன் அங்கே மிஞ்சுகிற கரியைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல முற்றிய கரி. ஒரு பொட்டுப் புகை கிடையாது. புகைதான் இல்லையே, பிறகு கதவு எதற்குத் திறந்திருக்க வேண்டும்? ஜன்னல் என்று பேருக்கு இருந்த பொந்தைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கதவுக்குக் கீழே சாக்கைச் சுருட்டித் திணித்தார்கள்.

விறகு கோபக்காரன் மாதிரி, வந்ததும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கரி அப்படியில்லை. அடைத்த அறைக்குள் அது விடுகிற நஞ்சுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. இது உங்களுக்கும் நமக்கும் தெரியும். அந்த லயத்தில் அன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

காலையில் பீலிக்கரையில் ராக்காயி முந்திக்கொண்டாள்.

"மதினி, பாய் கடையில மாங்கா கெடைக்குமான்னு கேட்டு வைக்கட்டா? இந்தக் குளிர்ல கெடைக்காதுதான். கேக்குற வாய்க்கு நேரங்காலம் ஏது?"

காளியாயி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருக்குடி மாங்கா?"

"எனக்கா கேக்குறேன்? நான் தாலியறுத்தவ."

பின்னால் நின்ற இரண்டு பேர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். எவ்வளவு அடக்கமான பெண்கள்!

"ஒம் மவனுக்குக் குடுக்கலங்கிற வயித்தெரிச்சல்டி ஒனக்கு."

உண்மைதான். ராக்காயி தன் மகன் முத்துலிங்கத்துக்குப் பெண் கேட்டு வந்ததும், 'பரீட்சை முடியட்டும்' என்று காளியாயி பிடிகொடுக்காமல் அனுப்பியதும் லயமே அறிந்தது.

"என் மவனுக்கா?" ராக்காயி மூக்கில் விரலை வைத்தாள். "ஆத்தாடி! அவன் ஒத்தப் பொண்ணத்தான் கட்டுவான் மதினி. ரெட்டையா வந்தா நாங்க எங்க வச்சுக் காப்பாத்துறது?"

காளியாயி பாதிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. கங்காணி பேர் கூப்பிட்டபோது பதில் வராததைக் கவனிக்க ஆளா இல்லை? "பாத்தியா, மொகத்தக் காட்ட முடியல" என்று அதற்கும் ஓர் அர்த்தம் பிறந்தது.

சாக்கைக் காலால் நகர்த்திக்கொண்டு கதவைத் தள்ளினாள். உள்ளே கதகதவென்று இருந்தது. குப்பி லாம்பு வெளிச்சத்தில் நாகலெட்சுமி புத்தகத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தாள்.

"எந்திரி. நேத்து வாந்தி எடுத்தியா?"

"எடுத்தேம்மா."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியுந்தான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கசாயம் காச்சுறேன், வேப்பல அடிக்கிறேன்னு நிப்பீங்க. படிக்கிற நேரம் போயிரும்."

காளியாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை இறக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் காது இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? "ஒடம்புக்கு என்ன செய்யுது? மறைக்காம சொல்லு."

"தல பொளக்குதும்மா. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. படிச்சது நிக்க மாட்டேங்குது. உள்ளுக்கு இருந்தாத்தான் இப்படி. வெளிய போயி கொஞ்ச நேரம் நின்னா விட்டுருது."

அந்தப் பிள்ளை தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டது. அதுதான் அவளைக் குற்றவாளியாக்கியது.

"வெளிய போனா விட்டுருதா?" காளியாயி மகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "வெளிய யாருடி நிக்கிறா?"

நாகலெட்சுமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை. தாயை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். குற்றமில்லாத பிள்ளை என்றால் அழுமே என்று காளியாயி நினைத்துக்கொண்டாள். அழுதிருந்தால் குற்றமுள்ள பிள்ளை அழுகிறது என்று நினைத்திருப்பாள்.

எழுந்து, சட்டியில் கரியைக் கொட்டி ஊதிவிட்டு வெளியே வந்தாள். கோபம் வேறு, குளிர் வேறு அல்லவா?

உச்சிப் பொழுதுக்கு ஜெமீலா வந்தாள். ஹட்டன் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீனின் மகள். நாகலெட்சுமியோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படிக்கிறவள், அவளும் திங்கட்கிழமை பரீட்சைக்குப் போகிறவள். தோட்டத்து ஸ்டோருக்குச் சாமான் ஏற்றி வந்த தகப்பனுடைய லொறியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தலையில் முக்காடு, கையில் சாயம்போன குடை, வாயில் ஓயாத பேச்சு.

"நாகு, மிஸ் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாங்க. இனி புதுசா ஒண்ணும் படிக்க வாணாமாம். நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க. ராத்திரி தூங்கச் சொன்னாங்க. ஒரு பாடம் முடிஞ்சா எழும்பி வெளிய ஒரு சுத்து நடந்துட்டு வரணுமாம். தலைக்குக் குளிக்கணுமாம், ஜன்னலத் தொறந்து வைக்கணுமாம். நீ என்ன, இப்படிக் காஞ்சு கெடக்குற?"

இஸ்தோப்பில் இருந்து காளியாயி சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை.

"ஜன்னலா? அந்த மிஸ்ஸம்மா வீட்டுல கண்ணாடி ஜன்னலு இருக்கும், தொறக்கலாம், மூடலாம். வெளிய சுத்தி வரப் பூந்தோட்டம் இருக்கும். இங்க சுத்தி வந்தா என்ன இருக்கு? கானும், கானப் பாத்துக்கிட்டு நிக்கிற நாலு சிறுக்கிகளும்."

ஜெமீலா அதற்கும் சிரித்தாள். உள்ளே உட்கார்ந்து வரலாற்றுக் கேள்விகளை இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். நாகலெட்சுமி தலைகீழாகச் சொல்லக்கூடிய பாடம். அன்றைக்கு ஆண்டுகளை மாற்றி மாற்றிச் சொன்னாள். ஜெமீலா பேச்சை நிறுத்தினாள். அந்தப் பெண் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை.

"எனக்கே தல சுத்துற மாதிரி இருக்கு நாகு. மூச்சு முட்டுது. அந்தத் தகரத்த எடுத்துட்டா என்ன?"

அவள் கை தகரத்தில் பட்டதும் காளியாயி உள்ளே வந்து நின்றாள்.

"எதுக்குத் தொறக்குற? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எவனாவது நிக்கிறானா?"

"அம்மா!" என்றாள் நாகலெட்சுமி.

"நீ சும்மா இரு. வெளிய நட, வெளிய நடன்னு இவ சொல்றா. வெளிய போனாச் சொகமா இருக்குன்னு நீ சொல்ற. நான் தேயிலக் கிள்றவதான், ஆனா கேணச்சியில்ல. பாய் வீட்டுப் புள்ள, நீ நல்ல குடும்பத்துப் புள்ள. யாருக்காகவோ சேதி சொமக்க வராத. போயிரு."

ஜெமீலாவுக்கு முகம் வெளுத்தது. கீழே ரோட்டில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். மழை பிடித்துக்கொண்டது.

தொழிற்சாலையில் சோற்று நேரம். செல்லசாமி ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபோது, கூட வேலை செய்கிற வீரய்யா மெல்லக் கேட்டான். "அண்ணே, தாத்தா ஆகப்போறீங்களாம்ல? சொல்லவே இல்ல?"

செல்லசாமி ரொட்டியை மடித்து மறுபடியும் பொட்டலம் கட்டினான். வேலை முடிந்ததும் நேரே கங்காணி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தான். அன்றைக்குக் கையில் கரி இல்லை.

செருப்பில்லாத காலோடு சேறும் உள்ளே வந்தது. மகளை ஓர் அறை அறைந்தான். சத்தம் பக்கத்துக் காம்பராவில் தெளிவாகக் கேட்டது. அங்கே உலை வைத்திருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"படிச்சது போதும். திங்கக்கெழம நீ பெரட்டுக்குப் போற. பேர் பதியச் சொல்லி கங்காணிகிட்டச் சொல்லிட்டேன்."

"அப்பா, நான் ஒண்ணும் செய்யலப்பா."

"ஊரே சொல்லுது."

"ஊரு பரீச்ச எழுதப் போறதில்லப்பா, நாந்தான் போறேன்." அடுத்த அறை விழும் என்று தெரிந்தேதான் பேசினாள். "திங்கக்கெழம மட்டும் விடுங்க. எழுதிட்டு வந்துர்றேன். வந்த பொறகு கூடையக் கட்டச் சொன்னாலும் கட்டுறேன், அத்த மகனக் கட்டச் சொன்னாலும் கட்டுறேன். எழுத மட்டும் விடுங்கப்பா."

செல்லசாமி ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கீழ் லயத்து மருத்துவச்சியக் கூட்டிட்டு வாறேன். அவ பாத்து இல்லன்னு சொல்லட்டும். சொன்னா எழுது. அதுவரைக்கும் நீ இந்தக் காம்பராவ விட்டு வெளிய கால் வைக்கக் கூடாது."

வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினான். உள்ளே கரிச்சட்டி கனன்றபடியே இருந்தது. காளியாயி குனிந்து சாக்கைக் கதவடியில் திணித்தாள். சண்டையிலும் பிள்ளைக்குக் குளிரக்கூடாது, பாருங்கள்.

அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினான். நாகலெட்சுமி உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் தட்டினாள். "அம்மா, தொறங்க, கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்" என்றாள். காளியாயி முழங்காலைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தாள். பிறகு தட்டல் நின்றது. புத்தி வந்துவிட்டது என்று காளியாயி நினைத்தாள்.

மருத்துவச்சி ஏறி வருவதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வழியில் தற்செயலாக அகப்பட்டவள் போல ராக்காயியும் கூடவே வந்தாள். அந்த மழையில் தற்செயலாக யார் வெளியே நிற்பார்கள் என்று நாம் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்தார்கள். நாகலெட்சுமி கதவோரத்திலேயே கிடந்தாள். கை மட்டும் சாக்கின் மேல் இருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, காய்ச்சலில்லாமல், பார்க்க அழகாக இருந்தாள்.

"மொகத்துல களை வந்துருச்சு பாருங்க" என்றாள் ராக்காயி.

"வாய மூடு" என்றாள் மருத்துவச்சி. "உள்ள ஒரே இருட்டு. நான் எதத் தொட்டுப் பாக்கிறது? வெளிய தூக்கிப் போடுங்க."

இஸ்தோப்பில் கிடத்தி, கம்பளியை மறைப்பாகப் பிடித்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது. மருத்துவச்சி வயிற்றை அழுத்திப் பார்த்தாள், நாடியைப் பார்த்தாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். லயம் முழுவதும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தது.

"இவ வயித்துல புள்ளையும் இல்ல, சோறும் இல்ல." மருத்துவச்சி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எந்த எடுவட்ட முண்டைடா கெளப்பிவிட்டது? பட்டினி போட்டே மயக்கி வச்சிருக்கீங்க. கஞ்சி குடுங்க. குளிர்ல போடாதீங்க, ஒடம்பு வெறச்சுக் கெடக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, மருந்துக்காரய்யா இருக்க மாட்டாரு."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அது மகிழ்ச்சியா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் ராக்காயி. "என் அண்ணன் மவளப் பத்தி எவளாவது பேசினா நாக்க அறுத்துருவேன்னு சொன்னேனா இல்லியா?" யாரிடம் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளே ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு குவளை கஞ்சி கொண்டுவந்தாள். பச்சைமிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு!

மழைக் காற்றில் கிடந்து கிடந்து நாகலெட்சுமி கண் விழித்தாள். கஞ்சி இரண்டு மிடறு இறங்கியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள். கடைசியில் அப்பனைக் கண்டுபிடித்தாள்.

"திங்கக்கெழம?" என்றாள்.

செல்லசாமிக்கு அடிக்கத் தெரியும், உழைக்கத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அந்தப் பாடம் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பளியை இழுத்து அவள் மேல் போர்த்திவிட்டு, மழையில் வெறும் சட்டையோடு தொழிற்சாலைப் பக்கம் போனான்.

திரும்பி வந்தபோது ஒரு சாக்கு நிறையக் கரி. நனையாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டிருந்தான். எப்போதும் கொண்டுவருகிற மிச்சம் மீதி இல்லை, தேர்ந்தெடுத்த கட்டிக் கரி. தொழிற்சாலைக் காவல்காரனிடம் எப்படிக் கெஞ்சினானோ தெரியாது.

பிள்ளையைத் தானே தூக்கி உள்ளே கொண்டுபோனான். சட்டியைத் துடைத்துக் கரியை அடுக்கி, தணலை நடுவில் வைத்து, முகம் சிவக்க ஊதினான். கரி கனன்று, காம்பரா முழுவதும் செம்மை பரவியது. புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். லாம்பைத் தூண்டிவிட்டான்.

"திங்கக்கெழம நானே ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான், சட்டியைப் பார்த்துக்கொண்டே. "கங்காணிகிட்டச் சொல்லிர்றேன். ஒன் பேரு எங்கயும் பதிய வாணாம்."

நாகலெட்சுமி கதவைப் பார்த்தாள். "அப்பா, அந்தக் கதவக் கொஞ்சம்..."

"என்னம்மா?"

அவள் பெரிய பிள்ளையான நாளிலிருந்து அவன் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. நெஞ்சில் மழைத்தண்ணீர் வழிய, கரி பூசின கையோடு நின்றான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "நல்லாச் சூடா இருக்கு."

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். இந்த முறை பூட்டவில்லை. குனிந்து, ஓர் இடமும் விடாமல், சாக்கைத் தன் கையாலேயே திணித்தான்.

பிறகு இஸ்தோப்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து வாசிக்கிற சத்தம் வந்தது. அவனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே கேட்டான். பீலிக்குப் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். ராக்காயி தன் வாசலில் இருந்து கேட்டாள். காளியாயி உலை வைத்தாள், வயிறு நிறையச் சோறு போடுவதற்கு.

வாசிப்பு கொஞ்சம் இழுத்தது. ஒரு வரியை இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் பாதி வரி. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் காளியாயி.

செல்லசாமி உதட்டில் விரலை வைத்தான்.

"சும்மா இரு" என்றான், பெருமையாக. "மனசுக்குள்ள வாசிக்குது."